வண்டிக்கு முன் தண்ணீர்!



பாம்பு கடித்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். நம் லயத்தில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள். புல் மருந்து கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். "உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதுதான்" என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிப் பதில்தான் என்பதை ஒரு தாயின் கண் பறிபோன பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. காலை பத்து மணி இருக்கும். பிள்ளைகள் இடைவேளைக்கு வெளியே வந்த நேரம். பள்ளிக்கு எதிரே இருந்த செம்பனைக் காட்டிலிருந்து நான்கு பெண்கள் ஒருவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மருந்து கலக்கும்போது போத்தல் கைநழுவி, தண்ணீர் சேர்க்காத மருந்து அவர் முகத்திலும் நெஞ்சிலும் கொட்டிவிட்டது. அவர் என் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்.

"கண்ணு எரியுதே! கண்ணு எரியுதே!" என்று அலறினார். ஒருவர் தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் தலைத்துணியால் கண்ணைத் துடைத்தார். நானோ, "லாரி எங்கே? வேன் எங்கே?" என்று சாலைக்கும் பள்ளிக்குமாக ஓடினேன். வேன் வந்து சேர 25 நிமிடம். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக இன்னும் 40 நிமிடம். அவ்வளவு நேரமும் மருந்தில் ஊறிய சட்டையோடுதான் அவர் இருந்தார். பள்ளிக்கூடத்துக் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. அதை யாரும் திறக்கவில்லை. நாலு எழுத்துப் படித்த நானும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து?" என்பதுதான். "புல் மருந்துங்க" என்றோம். "அதன் பெயர் என்ன?" என்றார். எங்களுக்குத் தெரியவில்லை. ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் காட்டுக்குக் கொண்டுபோன மருந்துக்கு லேபிள் ஏது? தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு, ஸ்டோரைத் திறந்து பார்த்து, அது பாராகுவாட் என்று தெரிவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது.

அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு கண்ணில் பார்வை மங்கியே போனது. மறுவாரம் ஓய்வு பெற்ற பழைய டிரசர் ஒருவர் என்னைப் பார்த்து, "குழாயப் பக்கத்துல வச்சிக்கிட்டு வண்டியத் தேடியிருக்கீங்களே, வாத்தியாரே!" என்றார். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சைக் குத்துகிறது.

ஏன் தண்ணீர் முதலில்?

நெருப்பு சுட்டுவிட்டு அணைந்துவிடும். மருந்து அப்படியல்ல. தோலில் இருக்கும்வரை அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சில பூச்சி மருந்துகள் தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். கித்தாப் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் பட்ட நொடியிலிருந்தே சதையை அரிக்கும். ஆகவே வைத்தியம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. அது குழாயடியில் தொடங்குகிறது.

முதலாவது, நனைந்த சட்டை, கைலி, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெண்கள் கூச்சப்பட வேண்டாம். சுற்றி நிற்கும் பெண்கள் துணியால் மறைத்துக்கொண்டால் போதும். மானம் பெரிதுதான்; அதைக் காக்க ஒரு கைலி போதும். மருந்து ஊறிய சட்டையைத் தலைவழியே இழுக்காதீர்கள். கத்தரியால் வெட்டி எடுங்கள்.

இரண்டாவது, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தேய்க்காதீர்கள்; தோல் உரிந்தால் மருந்து இன்னும் சுலபமாக உள்ளே போகும். உடம்பில் பட்ட பூச்சி மருந்து, புல் மருந்துக்குச் சோப்பும் போடலாம். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடவிடுங்கள். அப்போதுதான் மறு கண்ணுக்குப் பரவாது. எவ்வளவு நேரம்? 20 நிமிடம். பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம்; அதில் மூன்றில் இரண்டு பங்கு. "எரிச்சல் நின்னு போச்சு" என்று அவர் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். நீங்கள் கழுவிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் 999க்குப் போன் செய்யட்டும், வண்டிக்கும் ஆள் அனுப்பட்டும்.

மூன்றாவது, உதவி செய்பவரும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் கையுறை இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய், மஞ்சள், பற்பசை எதையும் பூசாதீர்கள். ஆசிட்டுக்குச் சோடா மாவு போடுவதும் வேண்டாம். தண்ணீர் ஒன்றே போதும்.

வாய்க்குள் போய்விட்டால்

இங்கேதான் நாம் பெரிய தவறு செய்கிறோம். உப்புத் தண்ணீர் கொடுப்பார்கள். தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். கூடவே கூடாது. ஆசிட் இறங்கும்போது ஒரு முறை தொண்டையைச் சுட்டது. ஏறும்போது மறுமுறை சுடும். மண்ணெண்ணெய் கலந்த மருந்து வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பூச்சி மருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு எச்சில் ஒழுகுகிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறதா? வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம், மூச்சுத் திணறல் இருக்கிறதா? "வெயில்ல நின்ன களைப்பு" என்று படுக்க வைத்துவிடாதீர்கள். நரம்பைத் தாக்கும் மருந்தின் அடையாளங்கள் இவை. அதற்கு அட்ரோபின் என்ற ஊசி இருக்கிறது. காலத்தில் போட்டால் உயிர் காக்கும்.

பாராகுவாட்டுக்கோ முறிவு மருந்து கிடையாது. அதை விழுங்கியவர் முதல் நாள் நன்றாகப் பேசுவார். பல நாள் கழித்து நுரையீரல் கெடும். அதனால்தான் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் அதைத் தடை செய்தார்கள். ஆனாலும் வீட்டின் பின்புறத்தில் பழைய போத்தல் கிடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். விவசாய இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

காற்றிலே வந்தால்

2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 111 பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. ஆகவே காரமான நெடி வந்தால் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, நெடி வராத பக்கமாக ஒதுங்குங்கள். மூடிய அறையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாயாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவர் விழக்கூடாது. குளியலறை கழுவும்போது குளோராக்சையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றினால், நம் வீட்டுக்குள்ளேயே விஷவாயு உண்டாகும் என்பதையும் மறவாதீர்கள்.

லேபிள் என்னும் உயிர்ச்சீட்டு

1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு, இந்தியாவில் போபால் நகரத் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்த டாக்டர்களுக்கு, அது என்ன வாயு, அதற்கு என்ன வைத்தியம் என்பதே உடனே தெரியவில்லை. பெயர் தெரியாத விஷத்துக்கு எந்த டாக்டர்தான் என்ன செய்ய முடியும்?

ஆகவே நோயாளியோடு லேபிளும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போத்தலைக் கொண்டுபோக முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளின் அடியில் உள்ள வண்ணப் பட்டையையும் கவனியுங்கள். கறுப்பு, சிவப்பு என்றால் கொடிய விஷம். மஞ்சள், நீலம், வெள்ளை என்று வர வரக் கடுமை குறையும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. மருந்தின் பெயரைச் சொன்னால் அவர்கள் வழி சொல்வார்கள். 1-800-88-8099 என்ற அந்த எண்ணை வீட்டுக் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.

எந்த மருந்தையும் குடிதண்ணீர்ப் போத்தலில், சிரப்புப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது ஆரஞ்சுத் தண்ணீர்தான். மருந்தடித்த சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

எங்கள் பள்ளியில் இப்போது ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளைக் குழாயடிக்கு அழைத்துப்போய், கண் கழுவும் முறையைச் செய்து காட்டுகிறோம். அன்று நான் செய்யாததை நாளைக்கு ஒரு பிள்ளை செய்யட்டும் என்ற ஆசைதான்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை பெரட்டில் நிற்கும்போது மண்டோரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இன்னைக்கு அடிக்கிற மருந்து பேரு என்ன? கழுவறதுக்குத் தண்ணி எங்க வச்சிருக்கீங்க?"

பதில் கிடைத்த பிறகு பம்பைத் தோளில் மாட்டுங்கள்.