சோப்புத்தூள் வாங்கும் முன் சாக்கடையைப் பாருங்கள்

பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழையும் தென்பெண்ணை ஆறு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வந்து தேங்குகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்துவிட்டால் அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீரே தெரியாத அளவுக்கு நுரை திரண்டுவிடும். காற்றடித்தால் அந்த நுரை கரையேறிப் பக்கத்து வயல்களில் விழும். இதே ஆற்றுக்கு நீர் வடியும் பெல்லந்தூர் ஏரியில் 2015-இல் நுரை தீப்பற்றி எரிந்த படத்தை உலகமே பார்த்தது. 2019 இறுதியில் சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒதுங்கிய வெண்ணுரையில் குழந்தைகள் விளையாடினார்கள்.

இந்த நுரைக்குக் காரணமான சரக்கில் பெரும்பகுதி வீடுகளிலிருந்து போகிறது. துணி துவைத்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும்தான் அது. ஆனால் கடையில் நாம் வாங்கும் சோப்புத்தூளின் மூலப்பொருள் மக்கக்கூடியது என்று வேதியியல் சொல்கிறது. அதுவும் உண்மைதான். மக்கக்கூடிய பொருள் ஏன் மக்காமல் ஆற்றில் நுரைக்கிறது? வீட்டுக்கு எந்தச் சோப்புத்தூள் நல்லது என்ற கேள்விக்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

நுரைக்கு எதிராக ஒரு சட்டம்

அழுக்கை எடுக்கும் வேலையைச் செய்வது சர்ஃபாக்டன்ட் என்ற மூலக்கூறு. அதன் ஒரு முனை தண்ணீரோடு சேரும். நீண்ட வால் எண்ணெயோடு சேரும். துணியில் ஒட்டியிருக்கும் பிசுக்கை வால்கள் சூழ்ந்துகொள்ள, தலைகள் அதைத் தண்ணீருக்குள் இழுத்துப்போகின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த செயற்கைச் சோப்புத்தூள்களில் இந்த வால் கிளைகிளையாகப் பிரிந்திருந்தது. பாக்டீரியாக்கள் இந்த வாலைக் கரும்பு தின்பதுபோல நுனியிலிருந்து கடித்துக்கொண்டு வரவேண்டும். வழியில் கிளைகள் குறுக்கிட்டதால் அவற்றால் முன்னேற முடியவில்லை. ஐரோப்பிய ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்தது. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் போட்டது. சர்ஃபாக்டன்ட் குறைந்தது 80 சதவீதம் சிதைய வேண்டும் என்ற விதி 1964-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க நிறுவனங்கள் 1965-இல் மாறின. கிளையில்லாத நேர்வால் கொண்ட ‘எல்ஏஎஸ்’ என்ற பொருள் அந்த இடத்தைப் பிடித்தது. இன்று நம் ஊர்ச் சோப்புத்தூள்களில் பெரும்பாலானவற்றின் உயிர்நாடி அதுதான். அதற்கான மூலப்பொருளை மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த பாரஃபினையும் பென்சீனையும் கொண்டு சென்னை மணலியிலேயே தயாரிக்கிறார்கள்.

காற்றில்லாத சேறு

ஒரு பொருள் எளிதில் மக்கும் என்று சான்று தருவதற்கான சோதனை 28 நாள் நடக்கும். அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். எல்ஏஎஸ் அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அது ஏறக்குறைய அப்படியே கிடக்கும். நம் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் கழிவுநீர் கலந்த ஏரியின் அடிச்சேற்றையும் நினைத்துப் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதென்றால் அங்கே ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள். பெல்லந்தூர் ஏரியை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழக விஞ்ஞானிகள் சொன்னதும் இதைத்தான்: சர்ஃபாக்டன்ட் மாதக்கணக்கில் சேற்றில் ஒட்டிக்கொண்டு சேர்கிறது, பெருமழை பெய்து சேறு கலங்கும்போது வெளியே வந்து நுரைக்கிறது.

ஆகவே ‘மக்கக்கூடியது’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது பாதி விவரம்தான். உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்பது மீதிப் பாதி.

ஒரு ஏரி, இரண்டு நிறம்

நுரை கண்ணுக்குத் தெரிகிற தீங்கு. அடுத்தது தெரியாமல் செயல்படும் பாஸ்பேட். தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போட்டு, சர்ஃபாக்டன்ட்டைத் தடையில்லாமல் வேலை செய்யவிடும் என்பதற்காக அதைச் சோப்புத்தூளில் சேர்த்தார்கள். அது ஏரியில் கலந்தால் என்ன ஆகும்? கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் 1973-இல் ஒரு சிறு ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் பாஸ்பேட்டின் அங்கமான பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பாசி பிடித்துப் பச்சையானது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரே படம் அரசியல்வாதிகளையும் அசைத்தது. பாசி செத்து அழுகும்போது தண்ணீரின் ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகிறது. அதோடு, முன்னே சொன்ன காற்றில்லாத சேறும் உருவாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் வீட்டுச் சலவைத் தூளில் ஒரு தடவை துவைக்கப் போடும் அளவுக்கு 0.5 கிராம் பாஸ்பரஸுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டிவிட்டது. பாஸ்பேட்டுக்குப் பதிலாக ஜியோலைட், சிட்ரேட் போன்றவை வந்துவிட்டன. துணி வெளுப்பதில் பெரிய குறையில்லை.

உங்கள் தண்ணீர் எந்த வழியில் போகிறது?

இதை வைத்தே தேர்வு செய்யலாம்.

பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறதா? சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற நிலையங்களுக்குப் போகும் நீரில் காற்றைச் செலுத்துகிறார்கள். எல்ஏஎஸ் அங்கே பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் வழக்கமான சுத்திகரிப்பில் பாஸ்பரஸ் முழுதாக நீங்குவதில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது ‘பாஸ்பேட் இல்லாதது’ என்ற குறிப்பு.

செப்டிக் டேங்குக்கோ தெருச் சாக்கடைக்கோ போகிறதா? அப்படியானால் போடும் தூளின் மொத்த அளவைக் குறைப்பதே முதல் வேலை. குளோரின் பிளீச்சையும் தவிர்க்க வேண்டும்; தொட்டியில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவை அது கொன்றுவிடும்.

வாழைக்கும் தென்னைக்கும் பாய்கிறதா? கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் இதுதான் வழக்கம். செடிக்குப் பாஸ்பேட் உரம், அதனால் பயமில்லை. இங்கே வில்லன் சோடியம். விலை மலிந்த தூள்களில் சலவைச் சோடா நிறையவே இருக்கும். எடையைக் கூட்டச் சோடியம் சல்பேட்டும் சேர்ப்பதுண்டு. சோடியம் சேரச் சேரக் களிமண் இறுகித் தண்ணீர் இறங்காது. தோட்டத்துக்கு விடுபவர்களுக்குத் தூளைவிடத் திரவச் சோப்பு பொதுவாக நல்லது. வெண்காரம் என்ற போராக்ஸ் கலந்ததை வாங்காதீர்கள். போரான் கூடினால் இலை கருகும்.

எவ்வளவு போடுவது?

எந்த நிறுவனத்தின் தூளானாலும் பாதிப்பை முடிவு செய்வது அளவுதான். ஓர் எல்லைக்கு மேல் போடும் தூள் அழுக்கை எடுக்காது. அலசும் தண்ணீரைத்தான் கூட்டும். நன்றாக நுரைத்தால்தான் வெளுக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அதை நம்பித்தான் கைத்துவைப்புத் தூள்களை நுரைக்கும்படி செய்கிறார்கள். ஃப்ரண்ட் லோட் இயந்திரத்துக்கான தூளில் வேண்டுமென்றே நுரையை அடக்குகிறார்கள். துணி அதிலும் வெளுக்கத்தான் செய்கிறது. இரண்டு வாளியில் அலச வேண்டிய துணிக்கு நான்கு வாளி பிடிக்கிறதென்றால் தூள் கூடிவிட்டது என்று அர்த்தம்.

சரியான அளவு தண்ணீரைப் பொறுத்தது. ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்து, எண்ணெயில் செய்த சாதாரணச் சோப்பை ஒரு சிட்டிகை சீவிப் போட்டுக் குலுக்குங்கள். டிடர்ஜென்ட் கட்டி இதற்கு உதவாது. நுரை நின்றால் மென்னீர். நுரைக்காமல் வெள்ளைத் திப்பிகள் மிதந்தால் கடின நீர். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் இதையும் தாண்டுவதுண்டு. அங்கே கொஞ்சம் கூடுதல் தூள் வேண்டியிருக்கும். பிடித்துவைத்த மழைநீருக்குப் பொட்டலம் சொல்லும் அளவில் பாதி போட்டுப் பாருங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் துவைப்பது சிக்கனம் என்று பலர் நினைக்கிறார்கள். உப்புகள் திரண்டு நிற்கும் நீர் அது. சோப்பைக் கூடுதலாகக் குடிக்கும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் நமக்குத் தரும் சலுகை

நொதி கலந்த தூளைக் கண்டு தயங்க வேண்டாம். ரத்தம், முட்டை, தயிர்க் கறைகளிலுள்ள புரதத்தையும் கஞ்சிக் கறையின் மாவையும் எண்ணெயையும் தனித்தனி நொதிகள் வெட்டுகின்றன. வேலை முடிந்ததும் அவை தாமே எளிதில் மக்கிவிடும். சிறிதளவே போதும் என்பதால் மற்ற ரசாயனங்களும் குறைகின்றன. ஐரோப்பாவில் இவை வேலை செய்யத் தண்ணீரை 30, 40 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். சித்திரையில் நம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் தானாகவே அந்தச் சூட்டில் வரும். இயந்திரத்தில் 60 டிகிரியைத் தேர்ந்தெடுத்தால், பத்து லிட்டர் நீரை 30-லிருந்து அங்கே கொண்டுபோக ஏறத்தாழ மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் வீண். பட்டுக்கும் கம்பளிக்கும் மட்டும் நொதித் தூள் ஆகாது, அவையும் புரதம்தான்.

‘பளீர் வெண்மை’ தரும் ஒளிரூட்டிகள் அழுக்கை எடுப்பதில்லை. துணியில் ஒட்டிக்கொண்டு புற ஊதாக்கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுகின்றன; கண் ஏமாறுகிறது. அவை எளிதில் மக்குவதுமில்லை. மஞ்சள் கறைக்கு பிளீச் தேடுவதும் தேவையில்லை. சோப்புப் பட்டதும் சிவக்கும் அந்தக் கறையை அலசி வெயிலில் போட்டால் ஒளியே சிதைத்துவிடும்.

இயற்கையானதெல்லாம் தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. பூந்திக்கொட்டையின் சபோனின் நல்ல சர்ஃபாக்டன்ட். மென்மையான துணிக்கும் ஏற்றது. ஆனால் மீனின் செவுளைத் தாக்குவதும் அதே சபோனின்தான். சபோனின் மிகுந்த தாவரங்களை நீரில் கரைத்து மீன் பிடித்த பழங்குடிகள் உலகின் பல பகுதிகளில் உண்டு. வடிகட்டிய சாற்றைத் தோட்டத்தில் விடலாம், குளத்தில் விடக்கூடாது.

கேட்க வேண்டிய ஒரு வரி

இவ்வளவும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டின் விதிப்படி, பாஸ்பேட், சர்ஃபாக்டன்ட், ஜியோலைட் எல்லாம் 5 சதவீதத்துக்குக் கீழா, 5 முதல் 15-க்குள்ளா, அதற்கும் மேலா என்று பொட்டலத்திலேயே அச்சிட வேண்டும். நம் பொட்டலங்களில் பூவும் இலையும் அச்சாகின்றன. இந்த விவரம் பெரும்பாலும் இல்லை. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்கு மண்பானைச் சின்னத்தோடு ‘ஈகோமார்க்’ திட்டத்தை மத்திய அரசு 1991-இலேயே தொடங்கியது. அந்தச் சின்னத்தைச் சோப்புத்தூள் அடுக்கில் தேடினால் கிடைப்பது அரிது. யமுனையில் நுரை பொங்கிய பின், இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்படாத சோப்புத்தூள்களை டெல்லி அரசு 2021-இல் தடை செய்தது.

கிளைவால் சர்ஃபாக்டன்ட்டையும் பாஸ்பேட்டையும் பல நாடுகளில் ஒழித்தது வாடிக்கையாளரின் நல்ல மனம் மட்டுமல்ல, சட்டமும்தான். அளவைக் குறைப்பது இன்றே நம் கையில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிடச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. அந்த ஒரு வரி வந்துவிட்டால், பச்சை நிறப் பொட்டலத்தை நம்பி வாங்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்காது.