கீலை மறைக்கலாம், செலவை மறைக்க முடியுமா?

பழைய ஜீப்போ காரோ வாங்கி, சொந்தக் கையால கஸ்டம் பண்ணணும்னு நினைக்கிறவங்க நம்ம சேனல்ல நிறைய பேர் இருக்கீங்க. அதுல ஒரு ஆசை, கதவுக் கீல் வெளியே தெரியக் கூடாது என்பது. அமெரிக்காவில் 1932 ஃபோர்டு மாதிரி கார்களில் கீல் வெளியேதான் இருக்கும். ஹாட் ராட் ஆர்வலர்கள் அதைக் கழட்டிட்டு, உள்ளே மறையுற கீலை வீட்டு ஷெட்டிலேயே செஞ்சு மாட்டுவாங்க. இதை நம்ம ஊரில் செஞ்சா கணக்கு எப்படி வரும்? பார்ப்போம்.

வேலை என்ன?

மேல் கீல், கீழ்க் கீல் இரண்டின் பின்னும் ஒரே நேர்கோட்டில் நிற்கணும். கொஞ்சம் விலகினாலும் கதவு இறுகும், புஷ் சீக்கிரம் தேயும். கீலின் கை வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்சிருக்கணும். அப்பதான் கதவு திறக்கும்போது முன் விளிம்பு ஃபெண்டரில் இடிக்காது. அதனால இரும்பை வெட்டும் முன்னாடி அட்டையில் மாதிரி செஞ்சு பாருங்க.

இப்போ எடை. கதவு 30 கிலோ, அதன் எடை மையம் கீலிலிருந்து 50 செ.மீ., இரண்டு கீலுக்கும் இடைவெளி 30 செ.மீ.ன்னு வைப்போம். மேல் கீலை வெளியே இழுக்கும் விசை 30 × 50 ÷ 30 = 50 கிலோ. இடைவெளியை 15 செ.மீ. ஆக்கினா அதுவே 100 கிலோ. இது கதவு சும்மா திறந்து நிற்கும்போது மட்டும். விபத்தை மனசில் வெச்சு, அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 206 விதி, பக்கக் கதவின் கீல் அமைப்பு நீளவாக்கில் 11,000 நியூட்டன் தாங்கணும்னு கேட்குது. அது கிட்டத்தட்ட 1,100 கிலோ எடைக்குச் சமம். லேத் பட்டறையில் செஞ்ச கீலை யாரும் அப்படி டெஸ்ட் பண்ணித் தர மாட்டாங்க.

பணம் எங்கே போகுது?

மொத்த புராஜெக்ட்டுக்கு 1.5 லட்சம் பர்சனல் லோன், 14% வட்டி, 3 வருஷம்னு எடுத்துப்போம். இஎம்ஐ சுமார் 5,127 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 34,560 ரூபாய். அதே 5,127-ஐ மாசாமாசம் சேர்த்தா, வட்டியைக் கணக்கில் எடுக்காமலே 30 மாசத்தில் 1.5 லட்சம் தாண்டிடும். லோன்னா 36 மாசம் கட்டணும்.

வரிச் சலுகை? கிடையாது. சொந்த உபயோகக் கார் தனிப்பட்ட பொருள். வித்தா மூலதன ஆதாய வரி இல்லை, நஷ்டமானா அதை வேற வருமானத்தில் கழிக்கவும் முடியாது.

இன்சூரன்ஸிலும் கவனம் வேணும். ஐடிவி கணக்கு கம்பெனி விலையிலிருந்து தேய்மானம் கழிச்சு வர்றது. 1–2 வருஷக் காருக்கு 20%, 4–5 வருஷக் காருக்கு 50%. நீங்க கீலுக்குப் போட்ட காசு தானா அதில் ஏறாது. மாற்றத்தைச் சொல்லாம விட்டா, கிளெய்ம் நேரத்தில் நிராகரிக்கவும் வாய்ப்பிருக்கு.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, வாகனத்தின் கட்டமைப்பை மாத்தி அடிப்படை அம்சத்தையே மாத்துறதைக் கட்டுப்படுத்துது. தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து மாறக் கூடாதுன்னு 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாசம் வரை சிறை, அல்லது இரண்டும். கீலுக்காகப் பில்லரை வெட்டினா அது கட்டமைப்பைத் தொடுற வேலை.

அதனால வரிசை இதுதான்: முதலில் ஆர்டிஓ-வில் எழுத்துல கேளுங்க. அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில். மூணாவது சேமிப்பு. வெல்டிங் கடைசி. ரோட்டுக்கே வராத ஷோ கார்னா, கையில் இருக்கிற காசில் ஆசை தீர செய்யுங்க. தினமும் ஆபீஸ் போற, குழந்தை ஏறுற காரா? கம்பெனிக் கீலே இருக்கட்டும். இஎம்ஐ கணக்கை வீடியோவில் போட்டுக் காட்டியிருக்கேன், உங்க தொகையை வெச்சு ஒருமுறை போட்டுப் பாருங்க.