தக்காணப் புல்வெளிகளில் மண்ணும் புல்லினங்களும்

ஓரிடத்தில் எந்தப் புற்கள் இயற்கையாக வளரும் என்பதை மழையளவு மட்டும் முடிவு செய்வதில்லை. மண்ணின் ஆழத்துக்கும், துகள் அளவுக்கும், நீரைப் பிடித்து வைக்கும் திறனுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. தக்காணப் பீடபூமியின் புல்வெளிகள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

தபட்காவ், சங்கரநாராயண் ஆகிய இருவரும் 1973இல் வெளியிட்ட நூல், இந்தியப் புல்வெளிகளை ஐந்து பெரும் வகைகளாகப் பிரித்தது. தீபகற்ப இந்தியாவில் பரவியுள்ள வகைக்குச் 'செகிமா–டைக்காந்தியம்' என்று பெயர். இவை இரண்டும் புற்பேரினங்கள். ஒரே மழையைப் பெறும் ஒரே வட்டாரத்திலும் இவை வெவ்வேறு மண்ணில் மேலோங்குகின்றன.

சரளை மண்

மேட்டு நிலத்திலும் குன்றுச் சரிவிலும் மண்ணின் ஆழம் குறைவு, சரளைக்கல் அதிகம். மழைநீர் விரைவில் வடிந்துவிடும். இங்குச் செகிமா நெர்வோசம் என்னும் புல் மேலோங்கும். அதனுடன் ஊசிப்புல்லும் வளரும். ஊசிப்புல் விதையின் நீண்ட வால், ஈரம் பட்டால் முறுக்கவிழும். காய்ந்தால் மீண்டும் முறுக்கேறும். இந்தச் சுழற்சியே விதையைத் தரைக்குள் செலுத்துகிறது.

கரிசல் மண்

தாழ்ந்த சமநிலங்களில் எரிமலைப் பாறை சிதைந்து உருவான கரிசல் மண் ஆழமாகப் படிந்துள்ளது. இதில் களித்துகள்கள் 30 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். மழைக்காலத்தில் விரிந்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்புகள் மரக்கன்றுகளின் இளவேர்களை அறுத்துவிடுவதால் மரங்கள் நிலைப்பது கடினம். தூர்கட்டி வளரும் டைக்காந்தியம் அனுலேட்டம் இங்குத் தழைக்கும். ஈரம் தங்கும் பள்ளங்களில் ஐசிலேமா லேக்சம் காணப்படும்.

மேய்ச்சலின் தாக்கம்

மண் அனுமதிக்கும் புற்கள் எல்லாம் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறி மேய்த்தால் சத்துள்ள பல்லாண்டுப் புற்கள் குறைந்து ஊசிப்புல் பெருகும். மேய்ச்சல் மேலும் கடுமையானால், கால்நடைகள் அதிகம் விரும்பாத அரிஸ்டிடா புற்களே மிஞ்சும்.

இந்த அறிவின் பயன்

மரமில்லாத நிலத்தைத் தரிசு என்று எண்ணி மரம் நடுவது பல இடங்களில் வழக்கம். அதற்காகக் குழி தோண்டும்போது பல்லாண்டுப் புற்களின் தூர்கள் அழிகின்றன; வெட்டவெளியை நம்பி வாழும் வெளிமான், கானமயில் ஆகியவற்றின் வாழிடமும் சுருங்குகிறது. புல்வெளியை மீட்க விரும்புவோரும் எல்லா நிலத்திலும் ஒரே விதைக் கலவையைத் தூவினால் பயனில்லை. சரளைக்கு ஏற்றது வேறு, கரிசலுக்கு ஏற்றது வேறு.

மாணவர்கள் இதை நேரிலும் காணலாம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு மேட்டிலிருந்து பள்ளம் வரை நடந்து, சில அடிகளுக்கு ஒருமுறை மண்ணையும் அதில் நிற்கும் புல்லையும் குறித்துக்கொண்டால், மண் மாறும்போது புல்லும் மாறுவது புலப்படும்.