தெருவை அளந்து மரம் நடுவோம்

கோவையில் மரம் நட ஆளில்லை என்ற குறை கிடையாது. பள்ளிகளும் ஆலைகளும் குடியிருப்போர் சங்கங்களும் தன்னார்வ அமைப்புகளும் ஆண்டுதோறும் கன்றுகளை நடுகின்றன. நடுவிழாச் செய்திகளில் எத்தனை கன்று என்ற கணக்கு தவறாமல் இருக்கும். என்ன மரம், வளர்ந்தால் எவ்வளவு படரும், மேலே மின்கம்பி போகிறதா, கீழே பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்ற விவரங்கள் பெரும்பாலும் இருக்காது. அந்த மரம் வளர்ந்து நிற்கும்போது கிளைகளை மின்வாரியத்தார் வெட்டுகிறார்கள், வேர்களைக் குழாய் பதிப்பவர்கள் வெட்டுகிறார்கள், கடைசியில் 'ஆபத்தான மரம்' என்று சொல்லி அடியோடு சாய்க்கிறார்கள். தெருவின் அளவைப் பார்க்காமல் வைத்த கன்றுக்கு வெட்டு அன்றைக்கே உறுதியாகிவிடுகிறது. நகரத்துக்கு எத்தனை மரம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், இந்தத் தெரு எந்த மரத்தைத் தாங்கும் என்று கேட்டாக வேண்டும்.

கொங்கு நாட்டுக்கு இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். பாலக்காட்டுக் கணவாய் திறந்திருப்பதால் ஆனியிலும் ஆடியிலும் மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கோவை நகரில் ஆண்டு மழை ஏறக்குறைய 600 முதல் 700 மி.மீ. வரைதான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிறது. ஆக, இங்கே நிற்கும் மரம் வறட்சியையும் காற்றையும் சேர்த்தே தாங்க வேண்டும். காற்றடிக்கும் பக்கத்து வேர்கள்தாம் மரத்தை இழுத்துப் பிடிக்கின்றன. தெருவில் குடிநீர்க் குழாய்க்கோ எரிவாயுக் குழாய்க்கோ பொக்லைன் எந்திரத்தால் பள்ளம் தோண்டும்போது, மரத்தின் மேற்குப் பக்க வேர்கள் அறுந்தால் அடுத்த ஆடிக்கு அந்த மரம் நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மென்மரமும் மேலோட்டமான வேரும் கொண்ட குல்மோகர், பெல்டோபோரம் போன்றவை அவற்றில் ஏராளம். காங்கிரீட்டுக்குள் வேர் சிக்கிய மரத்துக்குப் பிடிப்பு குறைவு என்ற பாடமும் அப்போது கிடைத்தது.

அப்படியானால் எதை எங்கே நடுவது? மேலே மின்கம்பி ஓடும் குறுகிய சந்துகளுக்கு மந்தாரை, திருவாத்தி, பவழமல்லி போன்ற சிறு மரங்கள் போதும். கம்பி இல்லாத, நடைபாதை உள்ள நடுத்தரத் தெருக்களுக்குப் புங்கன், மகிழம், பூவரசு, சரக்கொன்றை பொருந்தும். அகலமான சாலைகளின் ஓரத்தில், கட்டடத்தைவிட்டு விலகி, வேம்பும் இலுப்பையும் நிற்கலாம். நீர்மருதுக்கு வாய்க்கால் ஓரமும் குளக்கரையும் ஏற்றவை. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றுக்குக் கோயில் வெளியும் குளக்கரையும் பூங்காவும்தான் இடம்; வீட்டுச் சுவரை ஒட்டி வைத்தால் சுவருக்கும் கேடு, மரத்துக்கும் கேடு. நாவல் நல்ல மரம்தான். ஆனால் பழம் உதிரும் மாதங்களில் இருசக்கர வாகனங்கள் வழுக்கும் என்பதால் அது பள்ளி வளாகத்துக்கும் பூங்காவுக்கும் உரியது. நகரின் மண்ணும் ஒரே மாதிரி இல்லை. கோடையில் வெடித்து மழையில் உப்பும் கரிசலுக்கும், நீர் சட்டென்று இறங்கிவிடும் செம்மண்ணுக்கும் ஒரே பட்டியல் உதவாது.

நல்ல மரம் என்று தெரிந்துவிட்டால் அதையே எல்லா இடத்திலும் நடுவதும் தவறு. அண்மை ஆண்டுகளில் தெலங்கானா முதலான தென் மாநிலங்களில் வேம்புகள் நுனியிலிருந்து கருகின. பூஞ்சையும் தேயிலைக் கொசு எனப்படும் பூச்சியும் சேர்ந்து செய்த வேலை அது. தெரு முழுக்க வேம்பாக இருந்தால் தெரு முழுக்கவே பாதிக்கப்படும். ஒரு நகரத்து மரங்களில் எந்த ஒரு வகையும் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் சான்டமோர் 1990-ல் சொன்ன அளவுகோல் இங்கும் பயன்படும்.

நடும் முறையிலும் கவனம் வேண்டும். மூன்றடிக் கனக் குழி, மக்கிய எரு, ஆறடிக்குக் குறையாத கன்று, காற்றுக்குச் சாயாமல் இருக்க ஊன்றுகோல், ஆடுமாடு கடிக்காதிருக்கக் கூண்டு ஆகியவை அடிப்படை. பாலித்தீன் பைக்குள் சுருண்டுபோன வேரை அப்படியே புதைத்தால் மரம் வளர்ந்த பிறகும் அந்தச் சுருள் அதன் கழுத்தை நெரிக்கும். ஆடிக் காற்று ஓய்ந்து ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். அதற்குப் பின்னும் இரண்டு கோடைக்காவது தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவாகாத விழா, புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

வெயில் கூடிக்கொண்டே போகிறது, சீக்கிரம் வளரும் மரம்தானே வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அந்த அவசரத்தில் வந்ததுதான் கோனோகார்பஸ் என்னும் அயல்மரம். வெட்டி வடிவமைக்க எளிது, ஆண்டு முழுதும் பச்சை என்று நாடு முழுக்க நட்டார்கள். வேர் குழாய்களைச் சேதப்படுத்துகிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்ற புகார்கள் எழுந்தன. 2023-ல் குஜராத்தும் 2025-ல் தமிழ்நாடும் அதை நடத் தடை விதித்தன. நட்ட செலவோடு பிடுங்கும் செலவும் இப்போது பொதுமக்கள் தலையில். இதன் எதிர்ப்பக்கத்தில், அயல்மரம் எதுவுமே ஆகாது என்ற வாதமும் இருக்கிறது. பறவைக்கும் பூச்சிக்கும் நாட்டு மரமே உகந்தது என்பதால் புதிதாக நடும்போது அதற்கு முதலிடம் தருவது சரி. அதற்காக, கோவை ரேஸ்கோர்ஸ் பகுதியில் நிழல் விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று சொல்லி வெட்ட முடியுமா? நம் சாலையோரப் புளியின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான். வளர்ந்து நிற்பதைக் காப்பது ஒரு கடமை. புதிதாக நடுவதைத் தேர்ந்தெடுப்பது வேறொரு கடமை.

சாலையை அகலப்படுத்தாமல் எப்படி என்ற கேள்வி இன்னும் வலுவானது. மேட்டுப்பாளையம் சாலையிலும் பொள்ளாச்சி சாலையிலும் நின்ற பழைய புளியமரங்கள் அந்தக் கேள்விக்குத்தான் பலியாயின. போக்குவரத்து நெருக்கடி உண்மை; விபத்தும் உண்மை. ஆனால் ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்ற உறுதிமொழி, எங்கே நடுவது, யார் காப்பது என்று சொல்லாதவரை கணக்கை மட்டுமே நேர் செய்யும். சாலைத் திட்டம் வரையும்போதே மரத்துக்கான மண்பட்டையைக் கோடு போட்டு ஒதுக்கினால் பின்னர் இந்தச் சண்டையே எழாது. வேரோடு பெயர்த்து நடுவதும் எல்லா மரத்துக்கும் வழியாகாது. ஆல், அரசு, பூவரசு போன்றவை எளிதில் துளிர்க்கும், முதிய புளி அப்படி அல்ல.

இதில் குடிமக்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? பொது இடத்து மரத்தை யாரும் தம் விருப்பத்துக்கு வெட்ட முடியாது. கடைப் பெயர்ப்பலகையை மறைக்கிறது என்பது காரணமே ஆகாது. அரசு நிலத்து மரங்களை வெட்டும் கோரிக்கைகளைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு 2021 முதல் இருக்கிறது. வெட்டுவதைக் கண்டால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். படம் எடுத்து வருவாய்க் கோட்டாட்சியருக்கும் மாநகராட்சிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் அனுமதி விவரத்தைக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். மரத்தில் ஆணியடித்து விளம்பரம் மாட்டுவோர் மீது, பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிரான 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி நடவடிக்கை கோரலாம். டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள காங்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. நம் தெருவிலும் அதே அளவு மண்ணை விடச் சொல்லிக் கேட்க அது நல்ல முன்னுதாரணம். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் அணுக வேண்டும் என்பதால் காலம் கடத்தக் கூடாது.

மரம் ஆபத்தாக நிற்கிறது என்று அஞ்சுபவரின் உரிமையும் இதே அளவு முக்கியம். அடிமரத்தில் பொந்து, காளான், திடீர்ச் சாய்வு, வேரடியில் மண் வெடிப்பு ஆகியவை உண்மையான அறிகுறிகள். அவற்றைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு மரம் விழுந்து யாருக்காவது பாதிப்பு நேர்ந்தால், நிர்வாகத்தின் அலட்சியத்தைக் காட்டி இழப்பீடு கேட்க அந்தச் சீட்டே சான்று. பல நேரம் கிளையைச் சீர்செய்தாலே ஆபத்து நீங்கிவிடும்.

தெருவுக்கேற்ற மரத்தைத் தேர்ந்தெடுக்கும் அறிவுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. மரங்களை ஆராயும் மத்திய அரசின் வன மரபியல் நிறுவனமும் வேளாண் பல்கலைக்கழகமும் கோவையிலேயே இருக்கின்றன. வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தெருவின் அகலம், கம்பி, குழாய், மண் ஆகியவற்றைக் குறித்து, அதற்கேற்ற மரப் பட்டியலை அவர்களிடம் கேட்டு வாங்கி வெளியிடுவது மாநகராட்சியால் முடியாத வேலை இல்லை. அடுத்த முறை உங்கள் வார்டில் பகுதி சபை கூடும்போது, எத்தனை கன்று தருவீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக அந்தப் பட்டியலைக் கேளுங்கள். அதைத் தீர்மானமாகவும் பதிவு செய்யுங்கள்.