சர்வர் படுத்தால் கொய்யா காத்திருக்குமா?

ஆயக்குடி கொய்யாச் சந்தையில் பெட்டியைத் திறந்து பழத்தைப் பார்க்கிறார்கள். விலை படிந்தால் சரக்கு வண்டி ஏறுகிறது. விளைபொருள் ஏலம் கைப்பேசிக்கு மாறிவரும் காலம் இது. நாளை இந்தச் சந்தையும் மாறினால், ஏலத்தின் நடுவே இணையதளம் முடங்கும் நாளில் யாருக்கு என்ன நட்டம்?

நேரம் குறித்து நடக்கும் இணைய ஏலத்தில் உண்மையான விலை கடைசி நிமிடங்களில்தான் உருவாகிறது. மற்றவர் பார்த்து ஏற்றிவிடுவார் என்று பலர் அதுவரை வாயே திறப்பதில்லை. அந்த நேரம் பார்த்துத் தளம் படுத்தால் அவர்கள் கேள்வி போய்ச் சேராது. முன்பே குறைத்துக் கேட்டவருக்குச் சரக்கு விழுந்துவிடும். விற்றவருக்குக் கைநட்டம். மலிவாக எடுத்தவருக்கும் நிம்மதி இல்லை, ஏலம் செல்லாது என்று பிறகு சொல்லிவிடலாம்.

1999 ஜூன் 10 அன்று அமெரிக்காவின் ஈபே ஏலத்தளம் முடங்கியது. மீண்டும் எழச் சுமார் 22 மணி நேரம் ஆயிற்று. விற்பனையாளர்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தந்ததில் 30 முதல் 50 லட்சம் டாலர் வரை வருவாய் போகும் என்று நிறுவனமே சொன்னது. பங்கு விலையும் சரிந்தது. பிற்பாடு ஈபே ஒரு விதி வைத்தது: முடக்கம் 2 மணி நேரத்தைத் தொட்டால், அதற்குள் முடிய வேண்டிய ஏலங்களுக்கு 24 மணி நேரம் கூடுதல்.

பொம்மைக்கும் பழைய நாணயத்துக்கும் இந்த மருந்து சரி. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரில் மின்னணு ஏலத்தில் விற்கும் ஏலக்காய்க்கும் ஓரளவு சரி. உலர்ந்த சரக்கு, அடுத்த ஏலம் வரை தாங்கும். பழுக்கத் தொடங்கிய கொய்யா ஒரு நாள் வெயிலிலேயே விலை இறங்கிவிடும்.

மத்திய அரசு 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய இ-நாம் என்ற மின்னணு வேளாண் சந்தைத் தளத்தில் தமிழகத்தின் பல ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் இணைந்துள்ளன. அங்கே வாயில் பதிவு, தரம் பார்ப்பது, லாட் எண், ஏலம், எடை, பணம் எல்லாம் ஒரே சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் விவசாயி விற்கவும் முடியாமல், வீட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாமல் நிற்பார். வந்த விலை பிடிக்காவிட்டால் மறுக்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் வாங்க வேறு ஆள் பக்கத்தில் நின்றால்தான் அந்த உரிமைக்கு மதிப்பு.

ஆகவே அழுகும் சரக்குக்கு நேர நீட்டிப்பு தீர்வாகாது. தளம் நின்ற சில நிமிடங்களில் வாய்மொழி ஏலத்துக்கு மாறும் ஏற்பாடு வேண்டும். அதுவரை பதிவான கேள்விகள் செல்லுமா என்பதும் முன்கூட்டியே பலகையில் எழுதியிருக்க வேண்டும். இணைய ஏலத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் விவசாயிகள், பெட்டியை இறக்கும் முன், விற்பனைக் கூட அலுவலரிடம் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்.