முறிந்ததும் முறித்ததும்

பண்டைக் காலத்தில் உப்பு விற்கச் சென்ற உமணர், தம் வண்டியின் அடியிலே மாற்று அச்சு ஒன்றையும் கட்டிக்கொண்டு போயினர். ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றில் இச்செய்தி வருகின்றது. மாடு களைத்தால் ஓய்வு கொடுக்கலாம். பாரம் மிகுந்தால் இறக்கி வைக்கலாம். நடுவழியில் அச்சு முறிந்தால் என் செய்வது? அந்த அச்சத்திலே பிறந்த முன்யோசனை அது.

ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் கழிந்தும் அந்த அச்சம் நீங்கியபாடில்லை. சென்ற காலபோக அறுவடையின்போது, வன்னியிலே ஒரு குளக்கட்டின் சரிவில், எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவர் இதை அநுபவத்தில் கண்டார். அவரிடம் இருப்பது தந்தையார் விட்டுச்சென்ற லாண்ட் றோவர் பிக்கப். உலகப் போருக்குப் பின் உருக்குத் தட்டுப்பாட்டிலே தவித்த இங்கிலாந்தில், 1948ஆம் ஆண்டு அலுமினியக் கலப்புலோக உடலோடு வெளிவந்த வண்டியின் வழித்தோன்றல் அது, 1960களில் செய்யப்பட்டது. அன்று நெல் மூட்டைகளோடு கட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்புறத்திலே ‘டக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. கைப்பிறேக்கை இழுத்தார். வண்டி நிற்கவில்லை, பின்னோக்கி உருளத் தொடங்கிற்று. பின்னாலே குளம். மூட்டைகளின் மேலே அவருடைய பன்னிரண்டு வயது மகன். காற்பிறேக்கை ஓங்கி மிதித்த மிதியில் இருவரும் தப்பினர்.

கைப்பிறேக் ஏன் கைவிட்டது? அதை அறிய, அச்சின் அமைப்பை அறிதல் வேண்டும். மோட்டார் வண்டியின் பின்னச்சு, மாட்டு வண்டியில் உள்ளதுபோல ஒரே தண்டு அன்று. வெளியே உருக்குக் கூடு. அதன் நடுவே பானை வயிறு போன்ற புடைப்பு. அதற்குள்ளே டிபரன்சியல் என்னும் பற்சக்கரத் தொகுதி. அங்கிருந்து இடமும் வலமுமாக இரண்டு தண்டுகள் சக்கரங்களுக்குச் செல்கின்றன. கராஜ்களில் இவற்றையே அக்சில் என்பர். இவ்வண்டியிலே பாரம் முழுவதையும் சுமப்பது கூடு. தண்டுகளுக்குச் சுழற்றுவது ஒன்றே வேலை. ஆதலால் தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது.

டிபரன்சியலுக்கு ஒரு குணம் உண்டு. வளைவிலே வெளிப்புறச் சக்கரம் கூடுதலான தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்திற் சுழல அது இடங்கொடுக்கின்றது. ஆனால் விசையை இருபுறத்துக்கும் சமமாகவே பங்கிடுகின்றது. ஒருபுறத் தண்டு முறிந்து அங்கே எதிர்ப்பு இல்லாமற் போனால், மறுபுறத்துக்கும் விசை இல்லை. பழைய லாண்ட் றோவரின் கைப்பிறேக்கோ சக்கரங்களை நேரே பிடிப்பதன்று. கியர்ப்பெட்டியின் பின்னாலிருந்து பின்னச்சுக்கு ஓட்டம் கொண்டுசெல்லும் தண்டைப் பிடிப்பது. ஆகவே அக்சில் முறிந்த கணமே ஓட்டமும் போயிற்று, நிறுத்தமும் போயிற்று.

சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, மூட்டைகளை இறக்கிய பின், கமக்காரர் கியர்த் தண்டின் அருகிலுள்ள மஞ்சட் குமிழை அழுத்தினார். முன்னச்சுக்கு ஓட்டம் வந்தது. முன்சக்கரங்கள் இழுக்க, வண்டி மெல்ல மெல்ல ஊர் சேர்ந்தது. உமணர் அடியிலே கட்டிய மாற்று அச்சை இவ்வண்டி முன்னாலே பூண்டிருக்கின்றது எனலாம்.

மறுநாள் அவரோடு நானும் கராஜுக்குப் போனேன். அங்குள்ள பெரியவர் தொழில் கற்றது தட்டுப்பாட்டுக் காலத்தில். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது வடக்கிலே பெற்றோல் கிடையாது. பழைய மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகங்களும் அரிதாயின. ஒன்று தேய்ந்தால் ஏன் தேய்ந்தது என்று ஆராயாதவன் அந்நாளிலே தொழில் நடத்த முடியாது.

கமக்காரர் புதிய அக்சில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். “இதை மாத்திரம் போட்டுத் தந்தால் போதும், ஐயா. நாளைக்கு நெல் ஏத்த வேணும்” என்றார்.

பெரியவர் அதை வாங்கிச் சுவரோரமாகச் சாத்திவிட்டுச் சொன்னார்: “தம்பி, முறிஞ்சது அக்சில். முறிச்சது ஆரெண்டு பார்க்க வேண்டாமோ?”

கமக்காரரின் முகம் வாடிற்று. அக்சில் மாற்றுவது ஒரு மணி நேர வேலை. சக்கரத்தின் நடுவிலுள்ள ஆறு போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரத்தைக் கழற்றாமலே தண்டை உருவி எடுக்கலாம். அச்சு முழுவதையும் பிரிப்பதென்றால் நாட்கள் செல்லும்; பணமும் செல்லும். வண்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடலாமா என்றுகூட அவர் எண்ணினார். ஆனால் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அவ்விடைக்காலத்தில் ஏறிய விலைகளை நினைத்தபோது அந்த எண்ணம் தானே அடங்கிற்று. “சரி, பாருங்கோ” என்றார்.

முதலில் அச்சின் ஒயிலை வடித்தார்கள். தேனின் நிறத்தில் வரவேண்டியது, பாற்றேநீர் போல வந்தது. தண்ணீர் கலந்திருந்தது. வாய்க்காலுக்குள் வண்டியை இறக்கும்போது, ஓடிச் சூடேறிய அச்சு சட்டென்று குளிர்கின்றது. உள்ளேயிருக்கும் காற்றுச் சுருங்குகின்றது. தேய்ந்த சீலின் ஊடாகத் தண்ணீர் உள்ளே இழுபடுகின்றது. கூட்டின் மேலே மூச்சுவிடுவதற்கென்று ஒரு சிறு துவாரக் குமிழ் உண்டு. அது சேற்றினால் அடைபட்டிருந்தது.

பின்னர் பத்து நட்டுகளைக் கழற்றி டிபரன்சியலை வெளியே எடுத்தார்கள். பேரிங்குகளின் உருளைகளிலே துருவும் குழிகளும் காணப்பட்டன. பேரிங் தளர்ந்தமையால் பற்சக்கரங்கள் விலகி ஆடின. அந்த ஆட்டம் எத்தகையது? கிளச்சை விடும்போதெல்லாம், இடைவெளியை ஒரே பாய்ச்சலிற் கடந்து பல்லோடு பல் மோதுகின்றது. ஒவ்வொரு மோதலும் தண்டின்மேல் விழும் ஒரு சம்மட்டி அடி. ஆண்டுக்கணக்காக அடி வாங்கிய தண்டு, ஒருநாள் பாரத்தோடு மேடேறும்போது முறிந்தது. புதிய தண்டை மாத்திரம் பூட்டியிருந்தால் அதுவும் அதே அடியை வாங்கியிருக்கும்.

கிறவுண் வீலும் பினியனும் தப்பியிருந்தன. தொழிற்சாலையிலே இரண்டையும் ஒன்றோடொன்று உராயவிட்டுச் சோடியாக்கி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறிக்கிறார்கள். “ஒண்டை மாத்தி ஒண்டை வைக்கப்படாது. வேறு சோடியோடை சேராது” என்றார் பெரியவர். பேரிங்குகள் பொதுவான அளவுடையவையாதலால் கடையிலே கிடைத்தன.

மீண்டும் பூட்டுவதிலேதான் பெரியவரின் திறமையைக் கண்டேன். கிறவுண் வீலுக்கும் பினியனுக்கும் இடையில் விடவேண்டிய இடைவெளி, ஓரங்குலத்தை ஆயிரம் கூறாக்கினால் அதிலே எட்டு முதல் பத்துக் கூறு. குறைந்தால் சூடேறும், கூடினால் பழைய மோதல் திரும்பும். இடைவெளி சரியானாலும் பற்கள் பொருந்தும் இடமும் சரியாக வேண்டும். பற்களிலே நீலச்சாயம் பூசிச் சுழற்றிப் பார்த்தார். பொருந்திய அடையாளம் பல்லின் நடுவே விழாமல் நுனியோரமாக விழுந்தது. பினியனின் உள்ளே வைத்த மெல்லிய தகட்டை மாற்றவேண்டும். அதற்கு முழுவதையும் பிரிக்கவேண்டும். பிரித்தார். இரண்டாம் முறை ஏறக்குறைய நடுவுக்கு வந்தது. அப்போது பொழுது பட்டுவிட்டது.

“இது காணாதோ, ஐயா? உள்ளுக்கை கிடக்கிறதுதானே, ஆர் பார்க்கப்போகினம்?” என்றார் கமக்காரர்.

பெரியவர் கோபிக்கவில்லை. “உன்ரை பொடியன் மூட்டைக்கு மேலை இருக்கிறவன்” என்று மாத்திரம் சொல்லிவிட்டு, மறுபடியும் பிரிக்கத் தொடங்கினார். கமக்காரர் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. விளக்கை எடுத்துப் பிடித்தார்.

மூன்றாம் முறை நீலத் தடம் பல்லின் நடுவிலே விழுந்தது. சீல்கள் புதிதாயின, துவாரக் குமிழ் துப்புரவாயிற்று, இரு புறத்துக்கும் புதிய அக்சில்கள் ஏறின, ஏறத்தாழ ஒன்றேமுக்கால் லீற்றர் புதிய ஒயில் ஊற்றப்பட்டது. நான்காம் நாள் வண்டியைக் குளக்கட்டுக்கே கொண்டுபோனார்கள். அதே சரிவில், மூட்டை ஏற்றிய நிலையில் நிறுத்திக் கைப்பிறேக்கை இழுத்தார் கமக்காரர். வண்டி அசையவில்லை. மகனை மாத்திரம் அன்று வீட்டிலே விட்டு வந்திருந்தார்.

புறப்படுமுன் பெரியவர், முறியாமல் எஞ்சிய பழைய அக்சிலைச் சாக்கிலே சுற்றி இருக்கையின் பின்னாலே கட்டினார். இடப்புறமும் வலப்புறமும் நீளத்தில் வேறுபட்டவை; ஆதலால் அது ஒரு புறத்துக்கே உதவும். “ஒரு பக்கத்துக்கெண்டாலும் கிடக்கட்டும்” என்றார்.

உமணருடைய கதையை அவர் கேட்டிருப்பாரோ என்னவோ, அறியேன். நான் கேட்கவில்லை.