இரும்பும் இசையும்

இசையென்றவுடன் யாழையுங் குழலையும் நினைப்பவர் நாம். இரும்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்தலும், சுவரைத் துளைக்குங் கருவியை முழக்குதலும், தொண்டை கிழியக் கதறுதலும் இசையாகுமோ என்று எவரேனும் வினவின், ஆகாதென்றே தயங்காது விடை கூறுவோம். யானும் அவ்வாறே கூறியிருந்தேன். 1981-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெளிவந்த 'கொல்லாப்ஸ்' என்னும் இசைத்தட்டை முதன்முறை கேட்கத் தொடங்கியபொழுது பாதியிலேயே நிறுத்திவிட்டேன். மறுமுறை அதனைக் கேட்கத் தூண்டியது அதன் ஒலியன்று. அது பிறந்த வரலாறே. அவ்வரலாற்றை அறியாது அதன்மீது தீர்ப்புரைத்தல் முறையன்றெனத் தோன்றியதால், அதனை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுகளால் தகர்ந்த பெர்லின் நகரம் பின்னர் விரைவாகவும் சிக்கனமாகவும் மீண்டுங் கட்டப்பெற்றது. போருக்கு முந்திய, தடித்த சுவர்களையுடைய வீடுகளைப் 'பழங்கட்டடம்' என்றும், பின்னெழுந்தவற்றைப் 'புதுக்கட்டடம்' என்றும் பொருள்படும் சொற்களால் அந்நாட்டார் வழங்குவர். 1961-இல் எழுப்பப்பட்ட மதில் மேற்குப் பெர்லினை ஒரு தீவாக்கிற்று. ஆண்மக்களுக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டாயப் படைப்பணி அப்பகுதியில் வசித்தோருக்கு இல்லையாதலின், மேற்கு ஜெர்மனியின் இளைஞர் பலர் அங்குக் குடியேறினர். வாடகைக்குப் பணமில்லாதார் பாழ்மனைகளிற் புகுந்து தங்கினர்.

இத்தகைய சூழலில், 1980-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல்நாளன்று, ஓர் இசைக்குழு முதன்முறை மேடையேறிற்று. பிளிக்ஸா பார்கெல்ட் என்பவர் அதன் தலைவர். ஊன்ரூ என்பவர் தாளக்காரர். குழுவிற்கு அவர்கள் இட்ட பெயர் 'அயின்ஷ்டூர்ட்சென்டே நொய்பவுட்டன்' என்பது. 'இடிந்து விழும் புதுக்கட்டடங்கள்' என்பது அதன் பொருள். பெயரிட்டு இருமாதம் நிரம்புமுன், மே 21-ஆம் நாள், அமெரிக்கர் 1957-இல் அந்நகருக்கு நன்கொடையாக அளித்திருந்த மாநாட்டு மண்டபத்தின் கூரையில் ஒரு பகுதி திடீரென இடிந்து வீழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். கூரையைத் தாங்கிய எஃகுக் கம்பிகள் துருவேறியதே அதற்குக் காரணமெனக் கண்டனர். குழுவினரைத் தீர்க்கதரிசிகள் என யான் கூற வரவில்லை. எனினும் அப்பெயர் வெறும் விளையாட்டன்றென்பது அதனாற் புலனாகும்.

ஊன்ரூ வறுமையால் தம் முரசுகளை விற்றுவிட்டாரென்பர். அவற்றுக்கு ஈடாக அவர் நாடியது, கட்டட வேலை நடக்குமிடங்களிலும் குப்பைமேடுகளிலுங் கிடந்த தகரம், குழாய், சுருள்வில் முதலியவற்றையே. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவரும் பார்கெல்டும் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உட்குழிவிலே புகுந்து, அதன் எஃகுச் சுவர்களையே அறைந்து ஒலிப்பதிவு செய்தனர். வாத்தியத்தை அரங்கிற்குக் கொணர்தல் உலக வழக்கு. இவர்களோ வாத்தியத்தின் வயிற்றுக்குள்ளேயே அமர்ந்து வாசித்தனர்!

இரும்பின் ஒலி நம் செவிக்கு ஒவ்வாதது ஏன் என்பதற்கு இயற்பியல் விடை தருகின்றது. இழுத்துக் கட்டிய தந்தியைத் தெறித்தால், அதன் அடிப்படை ஒலியுடன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்ணுடைய மேலொலிகளும் எழும். அவை முழுவெண் விகிதத்தில் அமைதலின், செவி அவ்வனைத்தையும் ஒரே சுரமாக ஏற்கும். தட்டையான தகட்டில் எழும் மேலொலிகள் அவ்வொழுங்கிற்கு உட்படா. ஒன்றோடொன்று முரணி நிற்கும். தோற்கருவிகளின் இயல்பும் அதுவே. ஆயினும் மிருதங்கத்தின் கரணை அம்முரணைத் தீர்த்து மேலொலிகளை ஒத்திசையச் செய்கிறது. நம்நாட்டு முழவுகளின் இத்தன்மையைச் சர் சி. வி. இராமன் 1920-இல் விளக்கினார். அம்முரணையே வேண்டி நின்றவர் பெர்லின் இளைஞர்.

'கொல்லாப்ஸ்' என்பதற்குச் சரிவு, வீழ்ச்சி என்று பொருள். பார்கெல்ட், ஊன்ரூ, ஹாம்பர்க் நகரினின்றும் வந்து சேர்ந்த அயின்ஹைட் ஆகிய மூவரே அதனை ஆக்கியவர். 'ஸிக்ஸாக்' என்னும் சிறு நிறுவனம் வெளியிட்டது. அட்டைப்படத்தில் 1936-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டரங்கின் முன்னே மூவரும் நிற்க, அவர்களுடைய தட்டுமுட்டுப் பொருள்கள் தரையில் வரிசையாகப் பரப்பப்பட்டுள்ளன. பிங்க் ஃபிளாய்ட் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலக் குழுவினர் 1969-இல் தம் விலையுயர்ந்த கருவிகளைப் பரப்பி எடுத்த படத்தை எள்ளி நகையாடுவது அது. ஹிட்லர் தன் பெருமையை உலகிற்குக் காட்டிய அரங்கின் வாயிலிலே பழைய இரும்பைப் பரப்பிய துணிவை எண்ணுங்கால் எனக்கு நகையும் வியப்பும் ஒருங்கே தோன்றின.

தட்டிலுள்ள பகுதிகளுள் ஒன்றன் பெயருக்கு 'நோவுடன் கேட்டல்' என்று பொருள். கேட்கும் முறையும் அதுவே போலும். தலைப்புப் பகுதி ஏறத்தாழ எட்டு நிமிடம் நீள்வது. மந்தமான ஓரடி மீண்டும் மீண்டும் விழ, அதன்மேற் பார்கெல்டின் குரல் முனகியும் கதறியும் எழும். பண் என ஒன்றில்லை, ஆனால் காலமுண்டு. அக்காலத்தைப் பற்றிக்கொண்ட பின்னரே எனக்கு ஏனையவும் விளங்கலாயின. குறுகிய பகுதிகளுட் சில வெறும் ஆரவாரமாய் முடிகின்றன என்பதையும் மறைப்பதற்கில்லை.

இம்முயற்சிக்கு முன்னோர் உண்டு. இத்தாலியரான லூயீஜி ருஸ்ஸோலோ 1913-இலேயே ஓசைக்கலையைப்பற்றி அறிக்கை வெளியிட்டு, இரையுங் கருவிகளையும் செய்தார். லண்டனில் 'த்ராபிங் கிரிஸில்' குழுவினர் 1976-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரே 'இண்டஸ்ட்ரியல்' இசை என்னும் வகைக்குப் பெயராயிற்று. அவர்கள் மின்னொலிக் கருவிகளைப் பெரிதும் நாடினர். கலிபோர்னியாவில் 'கிறிஸ்டியன் டெத்' குழுவின் 1982-ஆம் ஆண்டு இசைத்தட்டால் 'டெத் ராக்' என்னும் இருள்சூழ்ந்த கிளை பரவிற்று. பெருங்கம்பெனிகளின் தயவின்றிச் சிறு நிறுவனங்களால் வளர்ந்தமையே இவற்றின் பொதுவியல்பு.

பெர்லின் குழுவினர் எல்லை மீறியதுமுண்டு. 1984 ஜனவரியில் லண்டனிலுள்ள ஒரு கலைக்கழகத்தில், அவர்களுட் சிலர் துளைக்கருவிகளால் மேடையையே தோண்டத் தொடங்க, நிகழ்ச்சி இடையில் நிறுத்தப்பட்டது. பிறர் மனையைச் சிதைத்தல் கலையாகுமென்று யான் ஒப்பேன்.

ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. முதல் உலகப்போரின் நூற்றாண்டு நினைவிற்காகப் பெல்ஜியத்தின் டிக்ஸ்மைட் நகரத்தார் வேண்ட, 2014-இல் 'லாமென்ட்' என்னும் புலம்பலை இயற்றினர். அதன் ஒரு பகுதியில், போரிற் கலந்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய், ஓரடி ஒருநாள். ஒரு நாடு போரிற் புகும்பொழுது அதன் குழாயும் ஒலிக்கத் தொடங்கும். போர் முடியும்வரை, நாள் தவறாமல், அவ்வடிகள் விழுந்துகொண்டே யிருக்கின்றன.